கோத் இசைக்கு எல்லை எது?

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிது. அப்பெயர் எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்று வரையறுத்தல் அரிது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வுண்மையை நாள்தோறும் உணர்வர். ஆங்கில நாட்டில் 1970களின் இறுதியில் தோன்றி, இன்று உலகின் பல நாடுகளிலும் பயிலப்படும் ‘கோத்’ என்னும் இசைவகை இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். எந்த இசைக்குழு கோத், எது அன்று என்னும் வழக்கு, அவ்விசையின் சுவைஞரிடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாது நடந்து வருகின்றது. ஒரு சாரார் பத்துக் குழுக்களுக்கு மேல் அப்பெயரைத் தர மறுக்கின்றனர். மற்றொரு சாரார் கறுப்பு ஆடை உடுத்த எவருக்கும் அதனை வாரி வழங்குகின்றனர். வேடிக்கை என்னவெனில், அவ்விசையின் தலைமக்கள் என உலகம் கொண்டாடுவோரே தமக்கு அப்பெயர் வேண்டா என்கின்றனர்.

இவ்வழக்கு வெறும் சொற்போரன்று. திறனாய்வு எதனைக் கொண்டு வகை பிரிக்க வேண்டும் என்னும் அடிப்படை வினா இதனுள் அடங்கியுள்ளது. ஆகவே அதனைச் சிறிது ஆராய்வோம்.

பெயர் வந்த வழி

கோத்தியர் என்போர் பழைய செருமானிய இனத்தார். அவருள் ஒரு பிரிவினர் அலாரிக் என்பவன் தலைமையில் கி.பி. 410இல் உரோமை நகரைச் சூறையாடினர். அன்று முதல் அவர் பெயர் முரட்டுத்தனத்திற்கு மறுபெயராயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் வசாரி, வானளாவிய கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கட்டடக் கலையை இகழ எண்ணி, அதன் பழியைக் கோத்தியர் மேல் ஏற்றினார். அக்கோயில்களைக் கட்டியவர் கோத்தியர் அல்லர். ஆயினும் ‘கோதிக்’ என்னும் பெயர் நிலைத்தது. இகழ்ச்சி மறைந்து புகழ்ச்சியும் ஆயிற்று.

அக்கட்டடங்களின் இருளும் தனிமையும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளரைக் கவர்ந்தன. ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்னும் புதினம், மறு ஆண்டு இரண்டாம் பதிப்புப் பெற்றபோது ‘ஒரு கோதிக் கதை’ என்னும் துணைப்பெயர் தாங்கி வந்தது. பாழடைந்த கோட்டை, பேய், குலச்சாபம், அஞ்சும் கன்னி ஆகியவை நிறைந்த கதைகள் பின்னர்ப் பெருகின. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) அம்மரபின் பெயர்பெற்ற வழித்தோன்றல்.

இசையுலகில் இச்சொல் நுழைந்தது 1967இல். அமெரிக்கத் திறனாய்வாளர் ஜான் ஸ்டிக்னி, ‘டோர்ஸ்’ என்னும் குழுவின் இசையைக் ‘கோதிக் ராக்’ எனக் குறித்தார். இன்று அக்குழுவைக் கோத் என்பார் அரியர். மான்செஸ்டர் நகரின் இசைத்தட்டு வெளியீட்டாளர் டோனி வில்சன் 1979இல் ‘ஜாய் டிவிஷன்’ குழுவைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லை ஆண்டார். 1980களின் தொடக்கத்தில் ஆங்கில இசை இதழ்கள் இதனை ஒரு கூட்டத்தின் பெயராகவே ஆக்கிவிட்டன. 1982இல் இலண்டன் சோஹோவில் ‘பேட்கேவ்’ என்னும் இரவு மன்றம் திறக்கப்பட்டது. கறுப்பு ஆடையும் வெண்மாவு பூசிய முகமும் கலைத்த தலைமயிரும் அங்கே ஒரு சீருடை போல் உருப்பெற்றன.

ஆக, இப்பெயரை முதலில் சூட்டியவர் பெரும்பாலும் புறத்தே நின்று நோக்கியவரே. இவ்வரலாறு, பெயரை மட்டும் கொண்டு பொருளை அளவிட இயலாது என்பதை நமக்கு அறிவுறுத்துகின்றது.

ஆக்கியோன் மறுப்பு

‘சூசி அண்ட் த பான்ஷீஸ்’ குழுவின் பாடகி சூசி, ‘கியூர்’ குழுவின் ராபர்ட் ஸ்மித், ‘சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி’ குழுவின் ஆண்ட்ரூ எல்ட்ரிச் ஆகிய மூவரும் தம்மைக் கோத் என அழைப்பதை விரும்பாதவர். அவர்களே மறுக்கும்போது நாம் வற்புறுத்துவது முறையோ எனச் சிலர் வினவுவர்.

முறையே என்பது நம் விடை. பாடிய புலவன் தன் பாட்டின் திணையையும் துறையையும் தானே குறித்துச் செல்ல வேண்டும் என்பது நம் மரபு அன்று. பாட்டை நோக்கி வகை கூறுதல் பின்வரும் இலக்கண நூலார்க்கும் உரையாசிரியர்க்கும் உரிய பணி. இசைக்கலைஞர் ஒரு பெயரை மறுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அப்பெயர் தம்மை ஒரு சிமிழுக்குள் அடைத்துவிடும் என்னும் அச்சம் ஒன்று. தம்மைப் பின்பற்றிய கூட்டத்தின் மீது கொண்ட சலிப்பு மற்றொன்று. இவை நியாயமானவையே. ஆனால் பாட்டின் இயல்பைப் பற்றிய சான்றுகளாகமாட்டா. அவ்வாறே, ஒருவர் தம்மைக் கோத் என்று பறைசாற்றிக் கொள்வதாலும் அவர் பாட்டு அதுவாகிவிடாது.

எனினும் அம்மறுப்பில் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. “நாங்கள் ஒன்று மட்டும் பாடியவர் அல்லர்” என்பதே அவர்கள் சொல்ல வருவது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இரு குற்றங்கள்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்த நன்னூலார், குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் அவற்றின் தலையில் வைத்தார். கோத் இசைக்கு எல்லை கூறப் புகுந்தோரில் பலர் இவ்விரண்டில் ஒன்றுக்கு ஆளாயினர்.

குன்றக் கூறுவோர் காலத்தையும் இடத்தையும் கொண்டு வேலி இடுவர். 1979 முதல் 1985 வரை இங்கிலாந்தில் எழுந்தவையே கோத். ஏனையவை போலி என்பது அவர் கொள்கை. இதனை ஏற்பின், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1979இல் தொடங்கி 1982இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்ட ‘கிறிஸ்டியன் டெத்’ குழுவை என் செய்வது? துருக்கி நாட்டின் புர்சா நகரில் 2006இல் தோன்றி, துருக்கி மொழியிலேயே பாடி, 2012இல் முதல் தொகுப்பைத் தந்த ‘ஷி பாஸ்ட் அவே’ குழுவை எங்கே வைப்பது? அவர்கள் பாட்டைக் கண்மூடிக் கேட்போர்க்கு இங்கிலாந்தின் முன்னோடிகளோடு அவர்க்குள்ள உறவு ஐயமின்றி விளங்கும். பிறந்த ஊரைக் கேட்டு உறவை மறுப்பது திறனாய்வு ஆகாது.

மிகைபடக் கூறுவோர் தோற்றத்தைக் கொண்டு அளப்பர். கறுப்பு உடை, வெளுத்த முகம், சிலுவை, கல்லறை, வௌவால் ஆகியவற்றில் இரண்டு மூன்று தென்பட்டால் போதும். அவர்க்கு அது கோத். இதனால் அமெரிக்கப் பாடகர் மாரிலின் மேன்சனும், 2003இல் பெரும் புகழ் பெற்ற ‘எவனெசன்ஸ்’ குழுவும், ‘மெட்டல்’ எனப்படும் வன்முழக்க இசைக்குழுக்கள் பலவும் ஒரே கூடையில் வந்து விழுகின்றன. எல்லாவற்றையும் குறிக்கும் சொல் எதனையும் குறிப்பதில்லை.

முன்னவர் முதற்பொருளை மட்டும் கண்டார். பின்னவர் கருப்பொருளை மட்டும் கண்டார். இரு சாராரும் காணாது விட்டது உரிப்பொருள்.

உரிப்பொருள் எது?

அகத்திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றையும் நம் ஆசிரியர்கள் நன்கறிவர். ஆங்கில இசைக்குத் தமிழ் இலக்கணம் பொருந்தும் என நாம் வாதிடவில்லை. ஆயினும் வகைப்படுத்தும் நெறி என்ற அளவில் அதனைக் கடன் கொள்ளலாம். நெய்தற் பறவையொன்று குறிஞ்சிப் பாட்டில் வந்து அமர்ந்தால் அப்பாட்டு நெய்தல் ஆகிவிடுவதில்லை. அது புணர்தலைப் பாடுமாயின் குறிஞ்சியே. கருப்பொருள் மயங்கலாம், திணையை உறுதி செய்வது உரிப்பொருளே.

கோத் இசைக்கு முதற்பொருள், ‘பங்க்’ என்னும் விரைவும் சீற்றமும் மிக்க இசை ஓய்ந்துவந்த இங்கிலாந்து, 1970களின் இறுதி. கருப்பொருள், கறுப்பும் கல்லறையும் வௌவாலும் பழந்திரைப்படங்களின் பேயும். உரிப்பொருள் யாது? மெய்ப்பாடுகளின் சொல்லால் கூறின், அச்சமும் அழுகையும் மருட்கையோடு கலந்து நிற்கும் நிலை. வெறும் துயரம் அன்று. வெறும் நடுக்கமும் அன்று. இருளைக் கண்டு ஓடாமல், அதனை எதிர்த்துப் போரிடாமல், அதனுள் நின்று அதன் அழகைக் கண்டு வியத்தல். துயரத்தை ஒரு சடங்கைப் போல், ஒரு நாடகத்தைப் போல் ஒழுங்குபடுத்தி நிகழ்த்துதல். இதுவே கோத் இசையின் உயிர்.

உயிர் தனியே நில்லாது. அதற்கு உடல் வேண்டும். இவ்விசையின் உடலும் தனித்தன்மை உடையது. பொதுவாக ராக் இசையில் கித்தார் முன்னே நிற்க, ‘பேஸ்’ எனப்படும் தாழ்குரற் கித்தார் பின்னே துணை நிற்கும். கோத் இசையிலோ அம்முறை பெரிதும் மாறும். பேஸ் கித்தாரே மெட்டைச் சுமந்து நடக்கும். மற்றைக் கித்தார் எதிரொலியும் சுழலொலியும் ஊட்டப்பெற்று, பெரிய மண்டபத்தில் சிதறும் கண்ணாடித் துண்டுகள் போல் ஆங்காங்கே ஒலிக்கும். வெண்கலத் தட்டுகளின் சலசலப்புக் குறைந்து, முரசுகளின் கனத்த ஒலி மேலோங்கும். குரல் பெரும்பாலும் தாழ்ந்து, சற்றுத் தொலைவிலிருந்து வருவது போல் அமையும். ஒலிகளுக்கிடையே விடப்படும் வெற்றிடம் ஒரு கருவியைப் போலவே பணியாற்றும்.

உயிரும் உடலும் ஒருங்கே அமைந்த பாட்டே கோத். கருப்பொருள் அதற்கு அணிகலன். இருந்தால் சிறப்பு, இல்லாவிடினும் இழுக்கில்லை.

உரைத்துப் பார்த்தல்

பொன்னை உரைகல்லில் இழைத்துப் பார்ப்பது போல், இவ்வளவுகோலைச் சில குழுக்களின் மேல் வைத்துப் பார்ப்போம்.

நார்த்தாம்ப்டன் நகரில் 1978இல் தோன்றிய ‘பௌஹவுஸ்’ குழு, 1979இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில், 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி இறந்துவிட்டார் எனப் பாடிற்று. அப்பாட்டு ஒன்பது நிமிடத்திற்கு மேல் நீள்வது. முதல் இரண்டு நிமிடத்திற்கு மேலாகக் குரலே எழுவதில்லை. முரசின் ஓயாத தட்டல், படிப்படியாக இறங்கும் பேஸ் கித்தாரின் நடை, ஜமைக்கா நாட்டு ‘டப்’ இசையிலிருந்து கற்ற எதிரொலி ஆகியவை மட்டுமே மண்டபத்தை நிரப்புகின்றன. மறைந்த நடிகருக்குப் பேய்க்கோலத்தில் இறுதிச்சடங்கு செய்யும் கற்பனையில் புன்னகையின் சாயல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இசை சிரிக்கவில்லை. இறுதிவரை சடங்கின் நிதானம் குலையவில்லை. உயிர், உடல், அணி மூன்றும் நிறைந்த பாட்டு இது. கோத் இசைக்கு ஒரே ஒரு பாட்டைக் காட்டுக என்றால் இதனைக் காட்டலாம்.

1976இல் இலண்டனில் தோன்றிய பான்ஷீஸ் குழு பங்க் இசையோடு பிறந்தது. அதன் ‘ஜூஜூ’ (1981) தொகுப்பில் ஜான் மக்கியோக்கின் மின்னிச் சிதறும் கித்தாரும், பட்ஜியின் கனத்த முரசும், சூசியின் கட்டளையிடும் குரலும் ஒன்றாகக் கூடி அச்சத்தை அழகாக்குகின்றன. ஈண்டுப் பாடுவது தாழ்குரல் ஆடவர் அல்லர், வீறுமிக்க பெண்குரல். ஆகவே தாழ்ந்த ஆண்குரலே கோத் என்னும் கூற்றும் குன்றக் கூறலே என்க.

ஜாய் டிவிஷன் குழுவே வழக்கில் மிகக் கடினமானது. பேஸ் கித்தார் மெட்டிசைக்கும் முறை, தாழ்ந்த குரல், வெற்றிடம் நிறைந்த ஒலிப்பதிவு என உடல் முழுதும் அங்கே உண்டு. பின்வந்தோர் அதனிடமிருந்தே கற்றனர். ஆனால் உயிர் வேறு. ‘அன்னோன் பிளஷர்ஸ்’ (1979) தொகுப்பில் ஒலிப்பது மருட்கை கலவாத அவலம். அங்கே நாடகம் இல்லை, ஒப்பனை இல்லை, இருளை வியக்கும் கண் இல்லை. பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே திங்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டபின் வெளிவந்த ‘குளோசர்’ தொகுப்பின் இறுதி இரு பாடல்கள் மட்டும் சடங்கின் நடையைப் பெற்றுக் கோத் இசையின் வாயில்வரை வந்து நிற்கின்றன. ஆகவே இக்குழுவை அவ்விசையின் தாய் எனலாம். மகள் எனல் பொருந்தாது.

இதற்கு நேர்மாறானது ஆஸ்திரேலியாவிலிருந்து இலண்டன் சென்ற ‘பர்த்டே பார்ட்டி’ குழு. வௌவால்களை அவிழ்த்துவிடச் சொல்லும் அவர்தம் 1981ஆம் ஆண்டுப் பாட்டைப் பலர் கோத் இசையின் கொடியாகப் பிடித்தனர். கருப்பொருள் அதில் நிரம்பி வழிகின்றது. ஆனால் அதன் மெய்ப்பாடு வெறியும் நகையும். இருளை வியவாது எள்ளி நகையாடும் பாட்டு அது. கொடியைக் கண்டு படையை முடிவு செய்ததன் பயன் இது.

கியூர் குழுவின் நிலை யாது? ‘ஃபெய்த்’ (1981) தொகுப்பும், அடுத்த ஆண்டு வந்த நான்காம் தொகுப்பும், ‘டிஸ்இன்டக்ரேஷன்’ (1989) தொகுப்பும் ஐயமின்றிக் கோத். ஆனால் 1983இல் அவர்கள் பாடிய ‘லவ்கேட்ஸ்’ ஜாஸ் சாயலில் துள்ளி ஓடும் விளையாட்டுப் பாட்டு. 1992இல் பாடிய ‘ஃப்ரைடே ஐ’ம் இன் லவ்’ உவகையே உருவானது. பாடியவர் அதே ராபர்ட் ஸ்மித். தலைமயிரும் மையிட்ட கண்ணும் அவையே. 2024இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பு மீண்டும் பழைய இருளுக்கே திரும்பியது. இக்குழு கோத்தா அன்றா எனக் கேட்டால் விடை கிடையாது. கேள்வியே பிழை. ஒரே புலவர் குறிஞ்சியும் பாடுவார், நெய்தலும் பாடுவார். திணை பாட்டுக்கு உரியது, புலவர்க்கு உரியதன்று. முன்னர்க் கூறிய மறுப்பில் ஒளிந்திருந்த உண்மையும் இதுவே.

லீட்ஸ் நகரின் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவும் இதனையே காட்டும். மனிதர்க்குப் பதில் ‘டாக்டர் அவலாஞ்சே’ எனப் பெயரிட்ட தாளப்பொறியை வைத்துக்கொண்டு அவர்கள் இசைத்த முதல் தொகுப்பும் (1985), பெரிய பாடற்குழுவின் முழக்கத்தைச் சேர்த்துக்கொண்ட ‘ஃபிளட்லேண்ட்’ (1987) தொகுப்பும் கோத். 1990இல் வந்த ‘விஷன் திங்’ தொகுப்பிலோ கித்தார் முன்னே வந்து நிற்க, வல்லோசை ராக் இசையே மேலோங்குகின்றது. பெயர் அங்கே நெகிழ்ந்துவிடுகின்றது.

இனி மேன்சன். கருப்பொருளில் அவரை மிஞ்சுவார் அரியர். ஆனால் அவர் இசையை நடத்துவது வெகுளியும் இளிவரலும். எதிரியைத் தேடித் தாக்கும் இசை அது. உடலோ எந்திர ஓசையும் மெட்டலும் சேர்ந்தது. எனவே கோத் அன்று. எவனெசன்ஸ் குழுவின் இசை, மீட்பை வேண்டிக் கதறும் வல்லோசை ராக்; அதுவும் அன்று. அன்று என்பதால் தாழ்ந்தது என்பது பொருளன்று. வேறு என்பதே பொருள். ஆங்கில நாட்டுப் ‘பாரடைஸ் லாஸ்ட்’ குழு 1991இல் ‘கோதிக்’ என்னும் பெயரிலேயே வெளியிட்ட தொகுப்பு மட்டும் தனித்து நோக்கத் தக்கது. மெட்டலின் உடலுக்குள் துயரச் சடங்கின் உயிரைப் புகுத்த அவர்கள் முயன்றனர். ‘கோதிக் மெட்டல்’ எனத் தனிப்பெயரால் அதனை வழங்குவதே முறை. கலப்புக்குக் கலப்பின் பெயரே தகும்.

பெயரால் விளையும் தீங்கு

“இசைக்கு எப்பெயர் இருந்தால் என்ன?” எனச் சிலர் எண்ணக்கூடும். 1999 ஏப்பிரலில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் இரு மாணவர் துப்பாக்கியால் பலரைக் கொன்றனர். அவர்கள் கோத் கூட்டத்தினர், மேன்சனின் பாட்டால் கெட்டவர் எனச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் முழங்கின. அவர்கள் அக்கூட்டத்தினர் அல்லர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குள் கறுப்புச் சட்டை அணிந்த மாணவர் பலர் ஐயத்திற்கு ஆளாயினர். எல்லை தெரியாமல் ஆளப்பட்ட ஒரு சொல், தொடர்பில்லாதவர் மேல் பழியாய் விழுந்தது.

2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில், கோத் கோலம் பூண்டிருந்த இருபது வயது இளம்பெண் ஒருத்தி, அத்தோற்றம் ஒன்றே காரணமாக ஒரு பூங்காவில் அடித்து வீழ்த்தப்பட்டாள். பின்னர் உயிர் நீத்தாள். அக்கொடுமையின் நினைவு மறையவில்லை. 2013இல் மான்செஸ்டர் பெருநகரக் காவல்துறை, இத்தகைய கூட்டத்தினர் மேல் நிகழும் தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கிற்று.

இவ்வுடை உடுத்துவோர்க்கு உடையும் ஒரு மொழியே. அதனை நாம் அற்பம் எனத் தள்ளவில்லை. ஆனால் உடையைக் கண்டு இசையைத் தீர்ப்பது வேறு. மனிதரைத் தீர்ப்பது அதனினும் வேறு. கருவைக் கண்டு திணை கூறும் பிழையைத் திறனாய்வாளன் செய்தால் ஒரு பாட்டுக்குத் தவறான பெயர் கிட்டும். செய்தியாளன் செய்தால் குற்றமற்றவர்க்குப் பழி சேரும். தெருவில் நிற்கும் முரடன் செய்தால் ஓர் உயிர் போகும். பிழை ஒன்றே, விளைவுகள் வேறு.

ஆதலின், வகுப்பில் மாணவர் ஒரு பாட்டையோ கதையையோ காட்டி “இஃது எவ்வகை?” என வினவும்போது, “அதில் என்னென்ன வருகின்றன?” என்பதோடு நில்லாமல், “அது எதனை உணர்த்துகின்றது? எவ்வாறு உணர்த்துகின்றது?” என அவரையே ஆராயச் செய்வோமாக. கேட்டு, உணர்ந்து, பின்னரே பெயரிடும் பழக்கம் இளமையில் படிந்தால், அது பாட்டை அளப்பதற்கு மட்டுமன்றி மக்களை அளப்பதற்கும் துணை நிற்கும்.